தேநீர், இருபது நிமிடம்

கனடாவின் மொன்றியலில் எனக்குக் கிடைத்த முதல் அரசாங்க வேலை, இன்னொருவர் மருந்துக் குளிசை விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், ஒன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். கோப்பு இல்லை, முத்திரை இல்லை, உட்கார ஒரு மேசைகூட இல்லை, இதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று முதல் கிழமை முழுக்கச் சந்தேகமாகவே இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதிகளாக வந்து இறங்கிய எங்கள் ஆட்கள் சென்ட் மிஷேல் பக்கம் ஒரு வீட்டில் ஐந்து பேர், ஆறு பேர் என்று வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் சிலருக்குச் சயரோகம், அதுதான் காசநோய், இருந்தது. சிலருக்குத்தான், ஆனால் அந்த வியாதியின் பெயரைச் சொன்னாலே பக்கத்தில் இருக்கிறவர் எழும்பிப் போய்விடுவார் என்பதால், வந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த வட்டாரத்துச் சுகாதார நிலையத்தில் இதற்கென்று ஒரு தாதி இருந்தார். கியூபெக்காரி, ஐம்பது வயது தாண்டியவர், நல்ல உயரம். ஊரில் தாதிமாரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஆட்கள் அவரையும் மிஸி ஆக்கிவிட்டார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் நான், மணித்தியாலக் கூலிக்கு.

வேலை இதுதான். முதல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்து, இனித் தொற்றாது என்று தெரிந்த பிறகு நோயாளியை வீட்டுக்கு அனுப்புவார்கள். அதன் பிறகும் பல மாதம் அவர் குளிசை எடுக்கவேண்டும். இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், ஆனாலும் எடுக்கவேண்டும். சுகமாக இருக்கிற மனிதர் தானாகக் குளிசை விழுங்குவதை மிஸி தன் உத்தியோகக் காலத்தில் அதிகம் கண்டதில்லையாம். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் அவரே குளிசையைக் கொண்டுபோய், கண்ணுக்கு முன்னால் விழுங்கவைத்துவிட்டு வருவார். கிழமைக்கு இரண்டே நாள் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி குளிசை.

எங்கள் பட்டியலில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் சொல்ல வந்தது ஒருவரைப் பற்றி. மன்னார்ப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடைக்கு மனேஜராக இருந்தவர், நாற்பது வயதுக்காரர், இப்போது சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறார். மனைவியும் மகளும் இன்னும் மன்னாரில். அவர்களைக் கூப்பிடுவதென்றால் முதலில் இவருக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்கவேண்டும். அது கிடைப்பதென்றால் நெஞ்சு சுத்தம் என்று வைத்தியர் எழுதித் தரவேண்டும். சமையலறைச் சுவரில் மாதா படம் போட்ட ஒரு கலண்டர் தொங்கியது. அதில் செவ்வாயையும் வெள்ளியையும் ஒவ்வொன்றாகப் பேனாவால் வெட்டிக்கொண்டு, அந்தக் கடிதத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

வீடு மூன்றாம் மாடியில். வெளிப்பக்கத்து இரும்புப் படிகள். பங்குனி மாதத்திலும் அவற்றில் பனிக்கட்டி பிடித்திருக்கும். ஏறி முடித்ததும் மிஸி வாசலில் நின்று ஒரு சிகரெட் பற்றவைப்பார். நெஞ்சு வியாதிக்கு மருந்து கொண்டுவருகிறவர் இப்படி ஊதலாமா என்று நான் ஒருநாள் ஜாடையாகக் கேட்டேன். "நான் நோயாளி இல்லையே" என்றார்.

உள்ளே கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் மிஸி பையைத் திறந்து குளிசையை எடுக்கப் போனபோது மன்னார்க்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வீட்டுக்கு வந்த ஆக்களை வெறும் வாயோட அனுப்பேலுமே அக்கா? முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. பேந்து பாப்பம் உந்தக் குளிசையை."

மிஸி சீனி போடாமல் குடிக்கிறவர். அது மன்னார்க்காரருக்குப் பெரிய மனக்குறையாகிவிட்டது. சீனி வாங்க வழியில்லாத வீடு என்று நினைக்கிறாவோ என்று என்னிடம் தனியாகக் கேட்டார். நான் அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அடுத்த தடவையிலிருந்து மிஸி இரண்டு கரண்டி சீனி போடச் சொன்னார். படி இறங்கும்போது முகத்தைச் சுளிப்பார். வந்தவர்களைத் தனியே குடிக்க விடக்கூடாது என்பதால் அவரும் ஒரு கோப்பையோடு எதிரே இருப்பார். தெரு மூலையில் தெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் வாங்கிய பிஸ்கட் பெட்டி திறக்கும். அது முடிந்த பிறகுதான் குளிசைகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும். வெறும் வயிற்றில் போட்டால் அவருக்குக் குமட்டும்.

தேநீர் குடிக்கிற நேரத்தில் மிஸி மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஊரிலிருந்து கடிதம் வந்ததா, இன்றைக்கு என்ன சமையல், பக்கத்து அறையில் இப்போது யார் படுக்கிறார், இப்படியே போகும். எல்லாவற்றையும் நான் அங்கும் இங்கும் மாற்றிச் சொல்லவேண்டும். எனக்கு எரிச்சலாக இருக்கும். அரசாங்க நேரத்தில் ஊர்க்கதை என்பது என் அபிப்பிராயம். அடிக்கடி மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

அந்த வருடம் செலவைக் குறைக்கும்படி மாகாண அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்கு இது புதினமில்லை. கச்சேரியில் சிக்கனச் சுற்றுநிருபங்கள் எத்தனையோ கண்டவள். எங்கள் நிலையத்தில் முதல் வேலையாக நடைகூடத்து விளக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றினார்கள். கோப்பு அறைக்காரி அரை இருட்டில் கால் தடக்கி விழுந்து மணிக்கட்டை முறித்து, ஆறு கிழமை வீட்டில் இருந்தார். அவருக்கும் சம்பளம், அவருக்குப் பதிலாக வந்தவருக்கும் சம்பளம். பிறகு சத்தமில்லாமல் விளக்குகளைத் திரும்பப் பூட்டினார்கள். இதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்ததாக ஒரு படிவம் வந்தது. இரண்டு கிழமைக்கு ஒவ்வொருவரும் தாங்கள் செய்கிற வேலையை ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்து எழுதிக் கொடுக்கவேண்டும். மிஸிக்குப் படிவம் என்றாலே ஆகாது. "நீ அரசாங்கக் கந்தோரில் இருந்தவள்தானே, நீயே எழுது" என்று என் கையில் திணித்துவிட்டார்.

அந்தப் படிவத்தைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாக என் கையெழுத்தை ஒருவரும் கேட்டதில்லை. இதோ பத்திகள், இதோ கட்டங்கள், இதோ எனக்குத் தெரிந்த வேலை. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். பயணம், முப்பத்தைந்து நிமிடம். படி ஏறுதல், ஐந்து. தேநீர், இருபது. குளிசை விழுங்குதல், ஐந்து. உண்மையில் விழுங்குவதற்கு இரண்டு நிமிடம்தான். ஐந்துக்குக் குறைவாக எழுத இடமில்லாததால் ஐந்து என்று போட்டு, அடிக்குறிப்பில் இரண்டு என்று திருத்தம் எழுதினேன். சிகரெட்டை மட்டும் எழுதவில்லை. மிஸியில் அந்த அளவு விசுவாசம் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுது, கூட்டாதே, குறைக்காதே என்றுதான் கச்சேரியில் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

வீட்டில் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"தேத்தண்ணியையும் எழுதினனீரோ?" என்று கேட்டார்.

"குடிச்சதைக் குடிக்கேல்ல எண்டு எழுதேலுமே?"

"உம்மட கச்சேரிப் புத்தி கடல் தாண்டியும் போகேல்ல" என்று சிரித்தார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மற்றத் தாதிமார் பக்கம் முழுக்க 'நோயாளிக்கு அறிவூட்டல்' என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்பது பின்னர்தான் தெரியவந்தது. மிஸி நான் எழுதியதை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

இரண்டு நாளில் நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர் அவர், அதைச் சொல்லியாகவேண்டும். பெரிய கண்ணாடி போட்டிருப்பார், எல்லோருக்கும் கதவைத் திறந்து பிடிப்பார். "இந்தக் கட்டிடத்தில் உண்மையாக எழுதப்பட்ட படிவம் இது ஒன்றுதான்" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, இந்த நாட்டில் எனக்கும் ஒரு மேசை கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மேசை கிடைத்தது. ஆவணி முடிவில் வீட்டுக்குப் போய்க் குளிசை கொடுக்கிற வேலையை நிறுத்தினார்கள். இரண்டு ஆட்கள், ஒரு கார், ஒரு மணித்தியாலத்துக்கு மேல், எல்லாம் இரண்டு நிமிட வேலைக்காக. இதை யாரிடம் சொல்லி நியாயப்படுத்துவது? நோயாளிகள் வளர்ந்த மனிதர்கள், மாதம் ஒருமுறை தாங்களே வந்து குளிசையை வாங்கிப் போகட்டும் என்று முடிவானது. மிஸியைக் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற பகுதிக்கு மாற்றினார்கள். என்னைத் தொலைபேசி மேசையில் இருத்தினார்கள், அரை நாளுக்கு. அந்த முடிவில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. எல்லாம் என் எழுத்திலேயே இருந்தது.

மிஸி கத்தவில்லை. படிவத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். அப்போதுதான் அதை முதல் தடவை வாசித்திருக்கிறார்.

"தேநீரை ஏன் தனியாக எழுதினாய்?"

"அது தனியாகத்தானே நடந்தது?"

"இல்லை" என்றார். "அவருடைய இடுப்புப்பட்டி எத்தனையாவது ஓட்டையில் இருக்கிறது, தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கடைசி ஓட்டை. இப்போது இரண்டு ஓட்டை தளர்த்தியிருக்கிறார். பிஸ்கட் இறங்குகிறதா, கண் மஞ்சளாகிறதா, பக்கத்து அறையில் யாராவது இருமுகிறார்களா, இதெல்லாம் நான் எப்போது பார்த்தேன் என்று நினைத்தாய்?"

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியென்றால் அதை முதலே எனக்குச் சொல்லியிருக்கலாமே; நானும் 'பரிசோதனை, இருபது நிமிடம்' என்று எழுதியிருப்பேனே. அவர் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

முதல் மாதம் குளிசை வாங்க எல்லோரும் வந்தார்கள். வேறொரு தாதி, கண்ணாடி யன்னலுக்குப் பின்னால். என்னைத் தொலைபேசி மேசையிலிருந்து எழுப்பி மொழிபெயர்க்க நிறுத்தினார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம். மன்னார்க்காரரின் முறை வந்தபோது தாதி சொன்னதைச் சொன்னேன். இனிமேல் ஒவ்வொரு நாளும் எடுக்கவேண்டும், காலையில் மூன்று, மறக்கக்கூடாது. ஒரு கைப்பிடிக்குப் பழகியவர் மூன்றையும் பார்த்தார்.

"இவ்வளவுதானோ அக்கா?"

"ஓம், இவ்வளவுதான்."

அது சரியான மொழிபெயர்ப்பு. கிழமைக்கு இரண்டு நாள் என்றால் அளவு பெரிது, தினமும் என்றால் அளவு சிறிது, ஆனால் ஒருநாளும் விடக்கூடாது என்று விளக்கச் சொல்லி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர் குளிசைப் போத்தலைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "மிஸி சுகமோ?" என்று கேட்டார். சுகம் என்றேன். இன்னும் ஏதோ கேட்க நினைத்ததுபோல் நின்றார். பின்னால் வரிசை நின்றதால் நான் அடுத்தவரைப் பார்த்தேன்.

அதன் பிறகு மாதம் தவறாமல் வந்தார். அந்தக் குளிசைகளில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அதைப் பார்த்துத்தான் ஒருவர் மருந்து எடுக்கிறாரா இல்லையா என்று அறிவார்கள். அவருடையது ஒவ்வொரு மாதமும் நல்ல செம்மஞ்சளாக இருந்தது. தாளில் சரி அடையாளம் விழுந்தது. போகும்போது எனக்குத் தலையசைத்துவிட்டுப் போவார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. தடித்த கோட்டுக்குள் ஒரு மனிதர் மெலிந்தாரா கொழுத்தாரா என்று யார் கண்டது? இடுப்புப்பட்டியைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்தும் நான் பார்க்கவில்லை. என் மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

தை மாதம், வைத்தியரின் கடிதத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, சென்ட் லோரன்ட் பண்டகசாலையில் ஒருவர் இரத்தமாக இருமி விழுந்தார். விழுந்தவர் மன்னார்க்காரர் இல்லை. இவரோடு ஒரே அறையில் இருந்த இன்னொருவர். கோடை முடிவில் ரொறன்ரோவிலிருந்து வந்து குடியேறியவர், இவர் பிடித்துக் கொடுத்த வேலையில் இருந்தவர். அம்புலன்ஸ் வந்தது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். சுகாதார நிலையம் தந்ததைப்போல் இரண்டு மடங்கு கூலி, ஏனென்றால் அது ஆஸ்பத்திரியின் வரவுசெலவு, வேறு பெட்டிப் பணம்.

எவ்வளவு நாளாக இருமல், இதுவரை ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்று வைத்தியர் கேட்டார். நான் கேட்டேன். அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அண்ணை தன்ர குளிசையில எனக்கும் தந்தவர்" என்றார்.

அன்று பின்னேரமே மன்னார்க்காரரையும் கொண்டுவந்து எக்ஸ்றே எடுத்தார்கள். படம் முந்தியதைவிட மோசமாக இருந்தது. முகமூடி போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்று வைத்தியரின் கேள்விகளைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

"ஒற்றை நாள் அவருக்கு, இரட்டை நாள் எனக்கு. கிளினிக்குக்கு வாற நாள் எதுவாயிருந்தாலும் நான் எடுப்பன்."

"ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அந்தாள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டு ஒற்றைக்காலில நிண்டது. அகதிக் கேஸ் இன்னும் விசாரிக்கேல்ல. வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சா ஏத்தி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு பயம். ஒரு அறைக்குள்ள ஒருத்தன் கிடந்து இருமேக்க, நான் மட்டும் எடுத்து விழுங்கேலுமே அக்கா?"

"உங்களுக்குக் காணாதெண்டு தெரியேல்லையே?"

"முந்தி கிழமைக்கு ரெண்டு நாள்தானே தந்தனீங்கள்? இப்ப எனக்கு மூண்டு நாள், நாலு நாள் வருது. கூடத்தானே எண்டு நினைச்சன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஒரு பிடி தந்ததை மூண்டாக் குறைச்சாப்போல, அரசாங்கத்துக்கும் காசு முடைபோல எண்டுதான் விளங்கினது."

எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் வைத்தியருக்குச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார். அவருக்கு இது விளங்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு விளங்கியது. எங்கள் வீடுகளில் எந்த மேசை லாச்சியை இழுத்துத் திறந்தாலும் இன்னொருவருக்கு எழுதின குளிசை நாலைந்து கிடக்கும். எனக்கு எழுதித் தந்த தொண்டைக் குளிசையைக் கணவருக்குக் கொடுத்தவள்தான் நானும். சோற்றைப் பங்கிடுவதுபோலக் குளிசையையும் பங்கிட்டிருக்கிறார்கள்; அதைக் குற்றம் என்று நினைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாது, அதைப் பழக்கிவிடும் என்று வைத்தியர் விளக்கினார். பழைய குளிசைகள் இரண்டு பேருக்கும் இனிக் கேட்காது. வேறு மருந்துகள், தினமும் ஊசி, மூடிய கதவுக்குப் பின்னால் ஆளுக்கொரு அறை. கூட இருந்தவருக்கு ஒன்பது மாதம், மன்னார்க்காரருக்கு ஒரு வருடத்துக்கு மேல். அவருடைய இடது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பண்டகசாலையில் வேலைசெய்த அத்தனை பேருக்கும், அந்த வீட்டில் இருந்த, வந்துபோன எல்லோருக்கும் எக்ஸ்றே. அவர்களில் இன்னும் சிலருக்குக் கிருமி இருந்தது. இதற்கென்று தற்காலிகத் தாதிமார் இரண்டு பேரை எடுத்தார்கள். மொழிபெயர்க்க ஒவ்வொரு நாளும் நான். அந்த ஒரு வருடம் உழைத்ததுபோல் மொன்றியலில் வேறு எந்த வருடமும் நான் உழைத்ததில்லை. அந்தக் காசில்தான் எங்கள் முதல் கட்டிலை வாங்கினோம். அதில் படுக்கும்போதெல்லாம் மனம் குத்தியது.

அந்த வீட்டில் இருந்தவர்களைப் பரிசோதிக்க மிஸியைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். அதே படிகள், அதே வாசல். மிஸி அன்றைக்குச் சிகரெட் பற்றவைக்கவில்லை. சமையலறையில் கேத்தல் ஆறிக் கிடந்தது. மாதா படக் கலண்டர் சுவரில் இருந்தது. புரட்டாதியிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் அடையாளம் போட்டிருந்தார்: ஒன்றில் சிறு வட்டம், அடுத்ததில் வெட்டு, மறுபடி வட்டம், மறுபடி வெட்டு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. கூட்டுறவுக் கடைக்குப் புத்தகம் எழுதினவரல்லவா, அவரும் என்னைப்போல நேர்கோடு பிடித்து எழுதுகிறவர். மிஸி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மேசையில் இருந்த சீனிப் போத்தலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

நிர்வாகியை இதற்குப் பிறகு ஒருநாள் நடைகூடத்தில் கண்டேன். அவராகவே நின்றார். மிச்சம் பிடித்தது எங்கள் பெட்டியில், செலவு விழுந்தது ஆஸ்பத்திரியின் பெட்டியில் என்றார். இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்கிற அதிகாரி ஒருவரும் இல்லை. ஆகவே மேலிடத்திலிருந்து எங்கள் நிலையத்துக்குச் சிக்கனத்துக்கான பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அவர் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதை வெட்டியிருப்பீர்கள்?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் கேலியாகக் கேட்கவில்லை. அவரும் எதையாவது வெட்டத்தான் வேண்டும். குழந்தைகளின் ஊசியை வெட்டலாமா, கிழவர்களுக்குப் புண் கட்டுவதை வெட்டலாமா? தேநீரைத்தான் வெட்டியிருப்பேன் என்றேன். ஓம் என்பதுபோல் தலையாட்டிவிட்டு எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அடுத்த வருடம் வீட்டு வருகையைத் திரும்பத் தொடங்கினார்கள், பரீட்சார்த்தத் திட்டம் என்று ஒரு புதுப் பெயர் வைத்து. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. அதை நிரப்ப நான் மறுத்துவிட்டேன்.

கூட இருந்தவரின் அகதி விசாரணை பின்னர் நடந்தது. அவருடைய இருமலைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். அவருக்கு இருக்க அனுமதி கிடைத்தது. அவ்வளவு காலம் எதற்குப் பயந்தாரோ, அப்படி ஒன்று அங்கே இருக்கவேயில்லை.

மன்னார்க்காரருக்கு மூன்று கிழமையில் வரவேண்டிய கடிதம் மூன்று வருடம் கழித்து வந்தது. அந்தக் காலத்து மன்னாரில் ஒரு பெண்ணும் பிள்ளையும் மூன்று வருடம் காத்திருப்பது என்றால் என்னவென்று நான் எழுதத் தேவையில்லை. எத்தனை இடம் மாறினார்கள், எத்தனை தடவை கடிதம் நின்றுபோனது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி அறையில் கலண்டர் மாட்டித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்றார்.

கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கப் போனேன். அதே தெருவில்தான் வீடு, ஆனால் கீழ்த்தளம். அவரால் இனிப் படி ஏற முடியாது. அவர் யன்னலோரக் கதிரையில் இருந்தார். மகள் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மெலிந்த, பேச்சுக்கு அஞ்சாத பெண்.

"நீங்கள்தானே அந்த அக்கா? இவர் அப்ப ஒவ்வொரு கடிதத்திலயும் எழுதுவார். செவ்வாயும் வெள்ளியும் அரசாங்கத்தில இருந்து ரெண்டு பேர் வந்து என்னோட இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறவை எண்டு. நானும் பிள்ளையும் அங்க இருந்து சிரிப்பம், இப்பிடியும் ஒரு அரசாங்கமோ எண்டு."

நானும் சிரித்தேன்.

"பேந்து ஏன் அக்கா வராமல் விட்டனீங்கள்? அதையும் எழுதினவர். நான் ஏதோ பிழை விட்டிட்டன் போல கிடக்கு, மிஸிக்குச் சீனி கூடிப் போச்சோ தெரியேல்ல, கேக்கவும் வெக்கமாக் கிடக்கு எண்டு."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன்பு கண்ணாடி யன்னலுக்கு முன்னால், குளிசைப் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மிஸி சுகமோ என்று கேட்டுவிட்டு அவர் நின்ற நிலை எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன்மேல் கோபித்துக்கொண்டு வருவதை நிறுத்தியவர்களிடம் போய் யாராவது குளிசைக்கு விளக்கம் கேட்பார்களா? வந்துகொண்டிருந்தவர்கள் வராமல் விட்டால் பிழை தங்களுடையது என்று நினைக்கிற ஆட்களோடு வளர்ந்தவள் நான். கியூபெக்காரரான நிர்வாகிக்கு அது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"சீனியில ஒண்டுமில்லை" என்றேன். "நான் எழுதினதாலதான் நிப்பாட்டினவை."

"என்னத்தை எழுதினனீங்கள்?"

"உங்கட வீட்டில தேத்தண்ணி குடிக்க இருபது நிமிசம் போகுது எண்டு."

அவர் இப்போது என் பக்கம் திரும்பினார். மனைவியின் முகத்தில் கோபம் என்று ஒன்றும் இல்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ளப் பார்த்தார்.

"நாங்கள் அதைக் கணக்குப் பாக்கேல்லையே அக்கா" என்றார்.

கேத்தல் கொதித்தது. எழும்பிப் போய் மூன்று கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். சீனி கூடத்தான் போட்டிருந்தார். நான் முழுவதையும் குடித்தேன்.